அரை டம்ளர் நல்ல தண்ணீர்

எங்கள் போர் தண்ணீரில் நுரை வராது.
கொருக்குப்பேட்டை கேட்டுக்கு இந்தப் பக்கம்
நூற்றிருபது அடி இறக்கியும்
வாயில் வைத்தால்
கருவாட்டுச் சட்டி கழுவியதுபோல் இருக்கும்.
பிரஷ்ஷை அதில் நனைத்துச் சுற்றினால்
திரிந்த பாலாய்க் கட்டி கட்டியாக நிற்கும்,
கன்னத்துக்குப் போவதற்குள் செத்துவிடும்.

இத்தனை வருஷம்
அதைத்தான் நுரை என்று நினைத்திருந்தேன்.
யார்டுக்குப் போகிற முகத்துக்கு அது போதும்.
கன்டெய்னர் என்ன
தாடையைத் தடவியா பார்க்கப்போகிறது?

பிலோமிதான் கண்டுபிடித்தாள், குவைத்திலிருந்து.
எனக்கு ஏழரை, அவளுக்கு ஐந்து.
அந்த வீடு எழுவதற்குமுன்
சமையலறை மூலையில் உட்கார்ந்து வீடியோ போடுவாள்.
போனைக் கண்ணாடியில் சாய்த்துவிட்டு
நான் சவரம் செய்வேன்.
பேச அதிகம் இருக்காது.

"யோவ், இன்னாய்யா, செவுத்துக்கு
சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி?"
என்றாள் ஒருநாள்.

அங்கே வீட்டுக்காரருடைய பிரஷ்
தனியாக ஒரு ஸ்டாண்டில் தலைகீழாகத் தொங்குமாம்.
அவர் நுரை போட்டு இவள் பார்த்ததில்லை.
கழுவாமல் வைத்துவிட்டுப் போகும் கிண்ணத்தைத்தான்
தினமும் பார்க்கிறாள்.
"அரை மணி நேரம் ஆனாலும் அடங்காதுய்யா.
வெரல் வெச்சா
குழி அப்டியே நிக்கும்."

ஒரு வெள்ளிக்கிழமை
அவர்கள் எல்லோரும் வெளியே போயிருந்தபோது
தானே சுற்றிப் பார்த்திருக்கிறாள்.
யாருக்கும் தெரியாது. இப்போது எனக்குத் தெரியும்.

"வெந்நீர்ல ஊறப்போடு.
ரெண்டு ஒதறு, மூணாவது ஒதறாத.
அவரக்கொட்ட அளவு க்ரீம், அவ்ளோதான்.
சுத்து.
ஒரு சொட்டுத் தண்ணி.
திரும்பச் சுத்து.
குமிழி கண்ணுக்குத் தெரிஞ்சா
இன்னும் ஆவல."

சுற்றினேன். மணிக்கட்டு வலித்தது.
குமிழிதான் தெரிந்தது.

"எந்தத் தண்ணி?"
"போரு."
கொஞ்ச நேரம் பேசவில்லை.
"கேன்ல எடு."
"முப்பத்தஞ்சு ரூபாடி."
"எடுய்யா."

கேனில் ஸ்கெட்ச் பேனாவால்
நாளுக்கு ஒன்றாகக் கோடு போட்டு வைத்திருக்கிறாள்
மகள் ஷெரின்.
லாரி வராத வாரம் அந்தக் கோடுதான் சட்டம்.
பூனைபோலச் சாய்த்து
அரை டம்ளர் பிடித்தேன்.
இன்றைய கோடு
தண்ணீருக்கு மேலே தனியாக நின்றது.

முதலில் சளக் சளக் என்றது.
பிறகு சத்தம் தடித்தது.
பிறகு சத்தமே இல்லை.
பிரஷ் எதையோ இழுத்துக்கொண்டு சுற்றியது,
இட்லி மாவு கடைசியில்
கையைப் பிடிக்குமே, அப்படி.
ஒரு குமிழிகூட இல்லாத வெள்ளை.

"காட்டு" என்றாள்.
கிண்ணத்தை என் தலைக்கு மேலே கவிழ்த்தேன்.
விழவில்லை.
முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு
அந்த வீடு விழித்துவிடாமல்
குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"இங்கயும் கடல் தண்ணிதான்யா.
காச்சி, உப்பெடுத்து, கொழாய்ல விடறாங்க."
காட்டுப்பள்ளியிலும் அதைத்தான் செய்கிறார்கள் என்றேன்.
எங்கள் சந்துக் குழாய்க்கு மட்டும்
வழி கேட்டுக்கொண்டே வருகிறது போல.

அங்கே யாரோ கூப்பிட்டார்கள்.
திரையில் ஒரு கூரை, ஒரு விளக்கு,
பிறகு என் முகம் மட்டும்,
கண்வரைக்கும் வெள்ளையாக.

அவசரமே இல்லாமல் மழித்தேன்.
பிளேடு சத்தம் போடாமல் போயிற்று.

"கோட்டுக்குக் கீழ போயிருச்சு" என்றாள் ஷெரின்
கேன் முன்னால் குந்தி.
என்னை நிமிர்ந்து பார்த்தாள். வேறெதுவும் கேட்கவில்லை.
பழைய கோட்டை எச்சில் தொட்டு அழித்து
ஒரு விரற்கடை கீழே
புதிதாகப் போட்டாள்.

கிண்ணத்தை வேண்டுமென்றே கழுவாமல் போனேன்.
ஷிஃப்ட் முடிந்து
இராத்திரி வந்து பார்த்தபோது
காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது.
நடுவில் ஒரு குழி,
சின்ன விரல் அளவுக்கு.
நான் வைத்தது இல்லை.